பிறவியிலேயே வந்ததா, பழகி வந்ததா? ‘இன்னேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் புதிதாக எடுப்பவர்களுக்கு

நான் சிங்கப்பூர் வந்த முதல் வருஷம். துவாஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. வருஷக் கடைசியில் அப்ரைசல் ஃபார்ம் ஒன்றைக் கையில் கொடுத்து, உன்னைப் பற்றி நீயே நாலு வரி எழுது என்றார்கள். சின்ன வயதிலிருந்தே இயந்திரம் என்றால் எனக்கு உயிர். வயலில் ஓடிக்கொண்டிருந்த பம்ப்செட்டைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியவன். அதை எழுத ஆசை. கைப்பேசி அகராதியில் ‘பிறவி’ என்று தட்டினேன். வந்த சொற்களில் நீளமாகவும் கம்பீரமாகவும் இருந்ததைப் பொறுக்கி, ‘ஐ ஹேவ் எ கான்ஜெனிட்டல் இன்ட்ரஸ்ட் இன் மெஷின்ஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டீ நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். உள்ளூர்த் தமிழர். கோப்பி ஓவை, அதாவது பால் சேர்க்காத காப்பியை, ஆற்றிக்கொண்டே, “ஏன் தம்பி, இதுக்கு டாக்டர்கிட்ட காட்டினியா?” என்றார். எனக்கு விளங்கவில்லை. “கான்ஜெனிட்டல்னு எழுதியிருக்கியே. பொறக்கும்போதே இருக்கிற கோளாறுக்கு அப்படிச் சொல்லுவாங்க. நெஞ்சுல ஓட்டை, அந்த மாதிரி. நீ சொல்ல வந்தது இன்னேட்.” பேனாவால் அடித்துத் திருத்தினார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னேட்டும் வேணாம். சின்ன வயசுலேருந்து பிடிக்கும்னு எழுது, போதும்” என்று அதையும் அடித்தார்.

முதல் அடித்தல் பொருளுக்காக. இரண்டாவது அடித்தல் இடத்துக்காக. இரண்டும் ஏன் என்று எனக்குத் தெளிவாகப் புரியச் சில வருஷம் ஆயிற்று. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தடுமாற்றம் தொடங்குகிற இடம் நம் தமிழ்தான். நமக்குப் பிறவிக் குணம், பிறவிக் கலைஞன், பிறவிக் குறைபாடு எல்லாவற்றுக்கும் ‘பிறவி’ ஒன்று போதும். ஆங்கிலம் அதை நாலைந்து சொல்லாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறது. அகராதியோ எல்லாவற்றுக்கும் எதிரே ‘பிறவி’ என்றே போட்டுவிடுகிறது.

படி 1: எழுத்தையும் ஒலியையும் சரிபாருங்கள்

எழுத்துகள் ஆறு: ஐ, என், என், ஏ, டி, இ. என் இரண்டு முறை வரும். ஆனால் சொல்லும்போது ஒரு என்தான் கேட்கும். அன்னம், கன்னம் என்று பழகிய நம் நாக்குக்கு இரட்டை எழுத்தைக் கண்டால் அழுத்தத் தோன்றும். டின்னரில் இரண்டு என் இருந்தாலும் ஆங்கிலக்காரர் ஒன்றைத்தான் ஒலிக்கிறார்; இதுவும் அப்படியே. முதல் ‘இ’ குறுகி ஒலிக்க, அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். அந்த இரண்டாவது அசை ‘லேட்’டோடு எதுகை பிடிக்கும். இங்கே நான் ‘இன்னேட்’ என்று எழுதுவது ஸ்பெல்லிங் மறக்காமல் இருக்க. வாயில் ‘இனேட்’ என்று வந்தால் சரி.

தட்டச்சு செய்யும்போது ஒரு கண்ணி இருக்கிறது. விசைப்பலகையில் என்னும் எம்மும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டாவது என்னுக்குப் பதில் விரல் எம்மில் விழுந்தால் ‘இன்மேட்’ ஆகிவிடும். அதுவும் நல்ல ஆங்கிலச் சொல்தான், கைதி என்று பொருள். நல்ல சொல் என்பதால் கணினி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். வேலை விண்ணப்பத்தில் ‘இன்மேட் எபிலிட்டி’ என்று போய்ச் சேர்ந்தால், படிக்கிறவருக்குச் சாங்கி சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். அனுப்புமுன் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

படி 2: வேரைப் பிடியுங்கள், பொருள் தானாக வரும்

இது லத்தீனிலிருந்து வந்தது. ‘இன்’ என்றால் உள்ளே. ‘நாஸ்கி’ என்றால் பிறத்தல். இரண்டும் சேர்ந்த ‘இன்னாட்டுஸ்’ என்றால் உள்ளேயே பிறந்தது. 15ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஸ்பெல்லிங்கில் இரண்டு என் ஏன் என்பதற்கும் இதுவே விடை: ஒன்று ‘இன்’னுடையது, மற்றது ‘நாஸ்கி’யுடையது.

இன்கரெக்ட், இன்விசிபிள் என்று படித்துப் பழகியவர்கள், ‘இன்’ வந்தால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது பொருந்தாது. இன்ஹேல் என்றால் மூச்சை உள்ளே இழுப்பது அல்லவா, அந்த ‘இன்’தான் இது.

‘நாஸ்கி’யின் பிள்ளைகளில் ஒன்றை நீங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறீர்கள். “உங்களுக்கு நேட்டிவ் எது?” என்று தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒரு தஞ்சாவூர்க்காரர் இன்னொரு தஞ்சாவூர்க்காரரைக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை உண்டா? நேட்டிவ், நேஷன், நேச்சர் எல்லாம் அந்த வீட்டுச் சொற்கள். மருத்துவமனையில் கர்ப்பிணிகள் போகும் ‘ஆன்டிநேட்டல்’ கிளினிக்கின் நேட்டலும் அதுவே. (இடையில் ஒரு குறிப்பு: உள்ளூர்ச் சீன, மலாய் நண்பர்களிடம் ‘வாட் இஸ் யுவர் நேட்டிவ்’ என்று கேட்காதீர்கள். அது இந்தியாவில் மட்டும் ஓடும் நாணயம். ‘வேர் ஆர் யூ ஃப்ரம்’ போதும்.)

எனக்கு மிகவும் பிடித்த சொந்தம் வேறு ஒன்று. லத்தீனின் ‘நாஸ்கி’ பழைய காலத்தில் முன்னால் ஒரு ஜி எழுத்தோடு ‘க்னாஸ்கி’ என்று இருந்தது. அந்த ஜியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், சமஸ்கிருதத்தின் ‘ஜன்’ என்ற வேரும் அதுவும் ஒரே மூலத்துக்குப் போய்ச் சேருகின்றன. ஜனனம், ஜென்மம், ஜாதகம் என்று நாம் தினமும் புழங்குகிறோமே, அதே ‘ஜன்’. ஆக, ‘ஜென்ம குணம்’ என்று பாட்டி திட்டியபோது சொன்னதும் ‘இன்னேட்’டும் தூரத்து உறவு. கான்ஜெனிட்டலுக்குள் இருக்கும் ‘ஜெனி’யும் இதே வேர்தான். வேர் ஒன்று, வேலை வேறு.

படி 3: ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்

யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழகாமல், அது அந்த ஆளிடம் இருந்திருக்குமா?

ஆம் என்றால் இன்னேட். இல்லை என்றால் வேறு சொல்.

பச்சைக் குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளும். நாக்கில் இனிப்பு பட்டால் சப்புக் கொட்டும். கசப்பு பட்டால் முகத்தைச் சுளிக்கும். எந்தப் பள்ளியிலும் சேர்ந்து படித்ததல்ல இது. இவை இன்னேட். அந்தக் குழந்தையே வளர்ந்து சம்பால் இல்லாமல் சோறு இறங்காது என்று சொன்னால், அது பழக்கம்.

நம்மிடம் இந்தப் பிரிவினை புதிதல்ல. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று தொடங்கும் ஔவையின் தனிப்பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓவியம், மொழி, கல்வி, நடை எல்லாவற்றையும் பழக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டு, நட்பு, தயை, கொடை மூன்றை மட்டும் பிறவிக் குணம் என்று தனியாக நிறுத்துகிறது அந்தப் பாட்டு. திறமை ஒரு பக்கம், குணம் ஒரு பக்கம். இன்னேட்டைப் பயன்படுத்த இதைவிட நல்ல கையேடு எனக்குக் கிடைக்கவில்லை.

புதியவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். ‘இன்னேட் எக்ஸெல் ஸ்கில்ஸ்’ என்று எழுதுவார்கள். எக்ஸெல்லோடு யாரும் பிறப்பதில்லை. வெல்டிங், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, சமையல், கணக்கெழுதுவது எல்லாம் கற்றுக்கொண்டவை. ஆனால் அந்தத் திறமைக்கு அடியில் ஒன்று இருக்கலாம் அல்லவா, அதைச் சொல்லலாம். எக்ஸெல் கற்றது, எண்களைக் கண்டதும் தப்பு எங்கே என்று மூக்கில் வேர்ப்பது இன்னேட். வண்டி ஓட்டுவது கற்றது. ஒருமுறை போன வழி மறக்காமல் இருப்பது, அதாவது ‘இன்னேட் சென்ஸ் ஆஃப் டைரக்‌ஷன்’, பிறவியில் வந்ததாக இருக்கலாம்.

மொழி இன்னேட்டா என்பது அறிஞர்களே அடித்துக்கொண்ட விஷயம். 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, பிறக்கும்போது மனம் எழுதாத வெள்ளைத்தாள், பிறவியிலேயே வரும் கருத்து என்று எதுவும் கிடையாது என்று வாதாடினார். 20ஆம் நூற்றாண்டில் நோம் சாம்ஸ்கி, மொழியைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றலாவது மனிதக் குழந்தைக்குக் கூடவே பிறக்கிறது என்றார். எந்த மொழி என்பதைச் சுற்றியிருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். என் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத் திறந்தவெளியில், விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்: தமிழ் வீட்டுப் பையன் சீனத்தில் கத்துகிறான், ஆங்கிலத்தில் சண்டை போடுகிறான், அம்மா மேலேயிருந்து கூப்பிட்டால்தான் தமிழ். ‘தமிழ் எங்கள் ரத்தத்தில் ஊறியது’ என்று மேடையில் சொல்லலாம், கை தட்டுவார்கள். அதை ஆங்கிலத்தில் ‘தமிழ் இஸ் இன்னேட் இன் அஸ்’ என்று எழுதினால் பொருள் தப்பாகிவிடும்.

படி 4: அக்கம்பக்கத்துச் சொற்களை அடையாளம் காணுங்கள்

இன்ஹெரென்ட். இதோடுதான் குழப்பம் அதிகம். இதன் வேருக்குப் பொருள் பிறப்பதல்ல, ஒட்டிக்கொண்டிருப்பது. ஒட்டும் பசையை அட்ஹீசிவ் என்கிறோமே, அந்தக் குடும்பம். ஆகவே உயிரில்லாத பொருள், வேலை, திட்டம் ஆகியவற்றோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதற்கு இதைப் போடுங்கள். கட்டுமானத் தளத்தில் ரிஸ்க் அசெஸ்மென்ட் படிவம் பார்த்திருப்பீர்கள். ஆபத்து எவ்வளவு கடுமை, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று முதல் ஐந்து வரை போட்டுப் பெருக்குவார்கள். உயரத்தில் நின்று செய்யும் வேலையென்றால் விழும் ஆபத்து அந்த வேலையோடு ஒட்டியது; ‘ரிஸ்க்ஸ் இன்ஹெரென்ட் இன் ஒர்க்கிங் அட் ஹைட்’ என்று எழுத வேண்டும். அங்கே இன்னேட் போட்டால், சாரக்கட்டை யாரோ பெற்றெடுத்த மாதிரி இருக்கும்.

கான்ஜெனிட்டல். என்னை மாட்டிவிட்ட சொல். ‘கான்’ என்றால் கூட, மீதி என்றால் பிறந்த. அப்படியே தமிழில் போட்டால் ‘கூடப்பிறந்தது’. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் மருத்துவர் வாயில் வரும் சொல். பிறக்கும்போதே இருக்கும் நோய், குறைபாடு ஆகியவற்றுக்கு. கிண்டலாக ‘கான்ஜெனிட்டல் லையர்’ என்று பிறவிப் பொய்யனைச் சொல்வதுண்டு. அங்கேயும் பொய்யை நோயாக்கித்தான் பேசுகிறார்கள்.

இந்தச் சொல்லை நீங்கள் எழுத வேண்டிவராது, படிக்க வேண்டிவரும். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகள் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அதன் அளவு வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அது தவிர ஊரிலிருந்து வரும் மனைவி, பிள்ளைகளுக்கு நீங்களே தனியாக எடுப்பதாக இருந்தால், எவற்றுக்குப் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலில் ‘கான்ஜெனிட்டல் கண்டிஷன்ஸ்’ இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். சின்ன எழுத்தில் இருக்கும். ஏஜென்ட் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுவார். நீங்கள் மெதுவாகப் புரட்டச் சொல்லுங்கள்.

அதன் பக்கத்திலேயே ‘ஹெரெடிட்டரி’ என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஹெரெடிட்டரி என்றால் பரம்பரையாக, மரபணு வழியாக வருவது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கலாம். நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் 1941இல் கண்டு சொன்னது இது. அந்தக் கண்புரை கான்ஜெனிட்டல், ஆனால் ஹெரெடிட்டரி அல்ல. மறுபக்கம் ஹன்டிங்டன் நோய் பரம்பரையில் வருவது. ஆனால் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும்.

இன்பார்ன் என்பது இன்னேட்டுக்கே சொந்த ஆங்கில ஆடை கட்டிவிட்ட மாதிரி. பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்ட்ரின்சிக் என்பது ஒரு பொருளின் உள்மதிப்பைப் பேசும்போது வரும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மருத்துவத்திலும் இன்னேட்டுக்கு ஓர் இடம் உண்டு, அது நல்ல இடம்: ‘இன்னேட் இம்யூனிட்டி’. தோல், வயிற்று அமிலம், எந்தக் கிருமி என்று பாராமல் பாய்ந்து விழுங்கும் சில வெள்ளை அணுக்கள், இவையெல்லாம் சேர்ந்த முதல் காவல். தடுப்பூசி போட்டு வளர்ப்பது இரண்டாவது காவல், அது கற்றுக்கொண்டது. பிறவியும் பழக்கமும் என்ற அதே பிரிவினை உடம்புக்குள்ளும் ஓடுகிறது. 2011 மருத்துவ நோபலில் பாதி, இந்த முதல் காவலை எது தட்டி எழுப்புகிறது என்று கண்டுபிடித்த புரூஸ் பாய்ட்லர், ஜூல்ஸ் ஹாஃப்மன் இருவருக்கும் போயிற்று.

படி 5: வாக்கியத்தில் உட்காரவையுங்கள்

முன்னால் உயிரெழுத்து ஒலி இருப்பதால் ‘எ இன்னேட்’ வராது, ‘அன் இன்னேட்’. பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும். நாலு ஜோடிகளை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: இன்னேட் எபிலிட்டி, இன்னேட் டேலன்ட், இன்னேட் கியூரியாசிட்டி, இன்னேட் சென்ஸ் ஆஃப். கடைசியது மிகவும் வசதியானது. பின்னால் ஜஸ்டிஸ், ரிதம், ஹியூமர், டைமிங் எது வேண்டுமானாலும் போடலாம். ‘ஷி ஹாஸ் அன் இன்னேட் சென்ஸ் ஆஃப் ரிதம்’ என்றால் தாளம் அவளுக்குக் கூடவே பிறந்தது.

பின்னால் நிறுத்த வேண்டுமென்றால் ‘இன்’ அல்லது ‘டு’ சேரும்: ‘இன்னேட் இன் ஆல் ஆஃப் அஸ்’. ‘வெரி இன்னேட்’, ‘மோர் இன்னேட்’ என்று எழுதாதீர்கள். பிறவியில் ரொம்பப் பிறவி, கொஞ்சம் பிறவி என்று கிடையாதே. எதிர்ச்சொல் கேட்டால் ‘அக்வயர்ட்’ அல்லது ‘லேர்ன்ட்’. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இந்த ஜோடியைக் கையில் வைத்திருங்கள். திறமை பிறப்பில் வருவதா, பயிற்சியில் வருவதா என்ற வகைக் கட்டுரைக் கேள்வி அங்கே பழைய விருந்தாளி.

படி 6: எங்கே சொல்வது, எங்கே வாயை மூடிக்கொள்வது

இப்போது அந்த இரண்டாவது அடித்தலுக்கு வருகிறேன்.

இன்னேட் கோட்டுப் போட்ட சொல். கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செய்தி, ஆய்வு, இங்கெல்லாம் பொருந்தும். கோப்பிக் கடையில் நண்பனின் பந்துவீச்சைப் பார்த்து ‘யுவர் இன்னேட் டேலன்ட்’ என்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே ‘யூ நேச்சுரல் லா’ போதும். ‘பார்ன் வித் இட்’ என்றாலும் நடக்கும்.

அடுத்தது, யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பது. மற்றவரைப் பற்றி எழுதினால் இது பாராட்டு. தன்னைப் பற்றித் தானே எழுதினால் கொஞ்சம் தற்பெருமை மாதிரி வாடை அடிக்கும். அதோடு, படிக்கிற மேலாளருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘எனக்குப் பிறவித் திறமை’ என்றால் அவர் எப்படிச் சரிபார்ப்பார்? ‘போன வருஷம் நின்றுபோன மூன்று மெஷினை நானே பழுது பார்த்தேன்’ என்றால் சரிபார்க்கலாம். என் சூப்பர்வைசர் அடித்தது இதனால்தான். அவர் இவ்வளவு விளக்கவில்லை, கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிறவித் திறமை வாய்த்த பிள்ளையைக் குறிக்கும் ‘கிஃப்டட்’ என்ற சொல் இந்த ஊர்ப் பெற்றோர் காதில் தனி ஒலியோடு விழும். 1984இல் தொடங்கிய கிஃப்டட் எஜுகேஷன் புரோகிராமுக்குத் தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். அந்த வடிவத்தை மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். அந்தத் தேர்வுக்கே டியூஷன் வைத்த பெற்றோர் உண்டு. டியூஷன் வைத்து வளர்த்ததை இன்னேட் என்பதா, அக்வயர்ட் என்பதா? ஆசிரியரிடம் பேசும்போது ‘மை சன் ஹாஸ் இன்னேட் இன்டெலிஜென்ஸ்’ என்று ஆரம்பிப்பதைவிட, பையனுக்கு எதில் ஆர்வம் என்று சொல்லித் தொடங்குங்கள். பேச்சு நன்றாகப் போகும்.

படி 7: கையோடு ஒரு பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு இன்னேட், இன்ஹெரென்ட், கான்ஜெனிட்டல், அக்வயர்ட் நான்கில் எது என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அப்புறம் விடையைப் பாருங்கள்.

பிறந்த அன்றே கண்டுபிடித்த இதயக் கோளாறு. ஆறு மாதக் குழந்தை எதைக் கண்டாலும் கையை நீட்டும் ஆர்வம். கிரேன் வேலையில் உள்ள ஆபத்து. நாலு வருஷத்தில் உங்களுக்கு வந்திருக்கும் சிங்கிலீஷ். கடைசியாக, துரியான்.

முதலாவது கான்ஜெனிட்டல், இரண்டாவது இன்னேட், மூன்றாவது இன்ஹெரென்ட், நான்காவது அக்வயர்ட். துரியானுக்கு இரண்டு விடை. அந்த வாசனை பழத்தோடு ஒட்டியது, எம்ஆர்டியில் ஏற்றக் கூடாது என்று பலகை வைத்தாலும் பழத்தை விட்டுப் போகாது, ஆகவே இன்ஹெரென்ட். அதன் மேல் வரும் ஆசை அக்வயர்ட். ஆங்கிலத்திலேயே ‘அக்வயர்ட் டேஸ்ட்’ என்று ஒரு தொடர் இருக்கிறது, பழகப் பழகப் பிடிக்கும் ருசி. எனக்குப் பழக மூன்று சீசன் ஆயிற்று. கேலாங்கில் உடைத்துக் கொடுத்தவர் அதே சூப்பர்வைசர்.